கம்பி முறியுதுன்னு வண்டியை விக்கணுமா?

மின்சார சைக்கிள் வாங்க நினைக்கும் விவசாயிகள் முதலில் கேட்பது பேட்டரியைப் பற்றித்தான். எத்தனை வருஷம் உழைக்கும், மழையில் நனைந்தால் என்ன ஆகும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பின்சக்கரத்துக் கம்பியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால், பால் கேனும் தீவன மூட்டையும் ஏற்றுகிற வண்டியில் பேட்டரி சோர்ந்துபோவதற்கு முன்பே முறிவது அந்த ஸ்போக்ஸ் கம்பிதான்.

காரைக்குடி வட்டாரத்தில், பள்ளத்தூர் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே மூன்று கறவை மாடு வைத்திருக்கிறார் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பிறந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்று ஊக்கம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி ஓட்டப் பழகினார்கள். அவர்களில் இவரும் ஒருவர். கல்யாணமாகி வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. காலையும் மாலையும் 4 கிலோமீட்டர் தள்ளியுள்ள பால் சொசைட்டிக்குத் தானே கேனைக் கட்டிக்கொண்டு போவார். அளவு பார்ப்பது, கொழுப்புச் சத்து பார்ப்பது, பாஸ்புக்கில் எழுதி வாங்குவது எல்லாம் அவர் கையில்தான்.

முழங்கால் தேய்ந்து வலி வந்த பிறகு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் மின்சார சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். 250 வாட்டுக்குள் மோட்டார், 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்றால் அந்த வண்டிக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். உரிமம் எடுக்காத அந்த அம்மாவுக்கு அது பெரிய வசதி. மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருந்தது.

ஏழாவது மாதம் முதல் கம்பி முறிந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் சக்கரம் லேசாகக் கோணி, பிரேக் கட்டையில் உரசிக்கொண்டிருந்தது. வாங்கிய கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு முறிந்தன. "லோடு ஜாஸ்தி ஏத்துறீங்க" என்று சொல்லி, இந்தத் தடவை தடித்த கம்பியாகப் போட்டார்கள். அடுத்த மாதம் அதற்குப் பக்கத்துக் கம்பிகள் போயின. ஒரு நாள் காலையில் கேனோடு நடுவழியில் சக்கரம் எட்டாக வளைந்துவிட, 2 கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சொசைட்டியில் வண்டி கிளம்பிவிட்டது. அன்றைய பால் வீட்டில் தயிரானது.

"இத வித்துப்புடு. வாசல்ல வர்ற பால்காரருக்கே ஊத்திருவோம்" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் கோபம் இல்லை. மனைவி வண்டி தள்ளிக்கொண்டு நடந்ததைப் பார்த்த வருத்தம்தான். ஆனால் வாசலில் ஊற்றினால் லிட்டருக்குக் கிடைப்பது குறைவு. அளவும் அவர்கள் வைத்ததுதான், கணக்கும் அவர்கள் சொன்னதுதான். முப்பது வருஷமாகத் தன் கணக்கைத் தானே பார்த்தவருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

கம்பி ஏன் முறிகிறது?

பழைய மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டுக்கும் நடுவே மரத்தால் ஆன ஆரக்கால். பாரம் கீழே உள்ள ஆரக்காலின் மேல் தூண் மாதிரி நிற்கிறது. சைக்கிள் கம்பியால் அப்படி நிற்க முடியாது. 2 மில்லிமீட்டர் கம்பியை நட்டு வைத்து அழுத்தினால் வளைந்துவிடும். அதனால், எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டி, அந்த இழுவையிலேயே சக்கரத்தை நிறுத்துகிறார்கள். கயிற்றுக் கட்டில் எப்படிக் கயிற்றின் இறுக்கத்தில் ஆளைத் தாங்குகிறதோ, அப்படி. இந்த யோசனையை 1808-லேயே இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி எழுதி வைத்தார். கம்பியைக் குடத்திலிருந்து நேராக நீட்டாமல் சாய்த்துப் பின்னும் முறைக்கு 1874-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் நாம் ஓட்டுவது அந்தப் பின்னல் சக்கரம்தான்.

வண்டி ஓடும்போது தரையைத் தொடும் இடத்துக்கு வருகிற கம்பி மட்டும் கொஞ்சம் தளர்கிறது, மேலே போனதும் மறுபடி இறுகுகிறது. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 480 தடவை சுற்றும். அந்த அம்மா காலையும் மாலையும் போய்வருவது நாளைக்கு 16 கிலோமீட்டர். வருஷத்துக்கு ஏறக்குறைய 28 லட்சம் தடவை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. கம்பி நன்றாக முறுக்கேறி இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் அதற்குப் பொருட்டல்ல. ஏற்கெனவே தளர்வாக இருந்தால்தான் ஆபத்து. கீழே வரும்போதெல்லாம் இழுவையே இல்லாமல் தொளதொளத்து, குடத்தின் ஓட்டையில் மாட்டியிருக்கும் அந்த வளைந்த கழுத்து ஆட்டம் போடும். கையால் ஒரு கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் எப்படி ஒடிகிறதோ, அதே கதைதான் அங்கே மெதுவாக நடக்கிறது. ஆக, கம்பி பெரும்பாலும் இறுக்கத்தால் முறிவதில்லை, தளர்வால் முறிகிறது.

மோட்டார் சக்கரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கக் காரணங்கள் உண்டு. மோட்டார் இருப்பதால் குடம் பெரிதாகிவிடுகிறது. அதனால் கம்பி வழக்கமான சைக்கிள் கம்பியைவிட 5 சென்டிமீட்டருக்கு மேல் குட்டை. குட்டைக் கம்பியில் இழுபடும் தன்மை குறைவு. நிப்பிள் கொஞ்சம் தளர்ந்தாலும் இறுக்கம் மொத்தமாகப் போய்விடும். பெரிய குடத்திலிருந்து அதிகம் சாய்த்துப் பின்னினால், கம்பி ரிம்முக்குள் நுழையும் இடத்தில் கோணலாக மடங்கி, மரை இருக்கும் இடத்திலும் முறியும். குடத்தின் ஓட்டை கம்பியைவிடப் பெரிதாக இருந்தால் கழுத்து சரியாக உட்காராமல் ஆடும். இத்தனைக்கும் மேலே பாரம்.

பாரம் என்றால் கேன் மட்டும் இல்லை. 15 லிட்டர் பால் 15 கிலோவுக்குச் சற்று அதிகம். அதோடு கேன், ஓட்டுகிறவர், மோட்டார் என்று பெரும்பகுதி எடை பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. அந்த அம்மா பால் ஊற்றிவிட்டு வரும்போது மாதம் இரண்டு மூன்று தடவை 50 கிலோ தீவன மூட்டையையும் கேரியரில் கட்டி வந்தார். இன்னொன்றும் உண்டு. மிதிக்கிற சைக்கிளில் பள்ளம் வந்தால் வேகம் தானாகக் குறையும், ஆளும் சீட்டிலிருந்து எழுந்துகொள்வார். மோட்டார் வண்டியில் உட்கார்ந்தபடியே அதே வேகத்தில் வேகத்தடையில் ஏறி இறங்குகிறோம். செம்மண் சாலையில் ஒரு மழை பெய்துவிட்டால் எத்தனை குழி என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தடித்த கம்பி போட்டால் தீருமா?

தீராது. 14 கேஜ் கம்பி 2 மில்லிமீட்டர், 13 கேஜ் 2.3, 12 கேஜ் 2.6. தடிமன் கூடக் கூட இழுபடும் தன்மை குறைகிறது. மெல்லிய ரிம்மில் தடித்த கம்பியைத் தேவையான அளவு இறுக்கினால் ரிம்மின் ஓட்டை விரிசல் விடும். இறுக்காமல் விட்டால் கம்பி சீக்கிரம் தளரும். அதிலும், பழைய கம்பிகளுக்கு நடுவில் இரண்டு மூன்றை மட்டும் தடிமனாகப் போட்டால் சுமை சமமாகப் பிரியாது. 250 வாட் மோட்டாருக்கு 14 அல்லது 13 கேஜே போதும். அந்த அம்மாவின் வண்டியில் நடந்ததும் இதுதான்.

கடைசியில் அவர் வண்டியை மினி வேனில் ஏற்றிக்கொண்டு காரைக்குடியில் ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்று அந்தக் காலத்துச் சைக்கிள்களுக்குக் கம்பி கட்டிப் பழகிய கை. மோட்டாரைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார்.

"கரண்டு வண்டியில நான் கை வைக்கிறதில்லத்தா."

"கரண்டு நான் பாத்துக்கிறேண்ணே. ஒயர நானே கழட்டித் தாரேன். நீங்க கம்பிய மட்டும் பாருங்க."

பேட்டரியை எடுத்து, மோட்டார் ஒயரின் இணைப்பைப் பிரித்து, அச்சில் இருந்த வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார் அந்த அம்மா. அந்த வாஷர்களில் ஒன்று அச்சு சுழலாமல் பிடித்து நிறுத்துவது. அதை மாற்றிப் போட்டால் மோட்டார் சுற்றும்போது அச்சும் சேர்ந்து சுற்றி ஒயரை அறுத்துவிடும்.

கடைக்காரர் முறிந்த துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். எல்லாமே கழுத்தில் முறிந்திருந்தன. எல்லாமே இடப்பக்கத்தவை. பின்சக்கரத்தில் செயின் பக்கம் பல்சக்கரத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால், அந்தப் பக்கத்துக் கம்பிகள் அதிக இறுக்கமாகவும் இடப்பக்கத்தவை தளர்வாகவும் இருக்கும். முறுக்கு சரியில்லாத சக்கரத்தில் முதலில் போவது இடப்பக்கம்தான். ஸ்க்ரூடிரைவரால் மற்ற கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். ஒன்று கணீர் என்றது, அடுத்தது தொப் என்றது.

"முறிஞ்சத மட்டும் மாத்துனா நீ மாசாமாசம் வரணுத்தா. மிச்சமும் அதே ஆட்டம் ஆடுன கம்பிதான். மொத்தமாக் கழட்டிக் கட்டிருவோம்."

36 கம்பியையும் கழற்றினார். ரிம்மில் விரிசல் இல்லை என்று பார்த்துக்கொண்டார். அந்த நீளத்துக்குக் கம்பி கடையில் இல்லாததால், நீளக் கம்பியை வெட்டி மரை போட வேண்டியிருந்தது. குடத்து ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்ததால் ஒவ்வொரு கம்பியின் தலைக்கும் சின்னப் பித்தளை வாஷர் கொடுத்தார். முன்பு மூன்று கம்பியைத் தாண்டிப் பின்னியிருந்ததை, ஒன்றை மட்டும் தாண்டிப் பின்னினார். அப்போதுதான் கம்பி ரிம்முக்குள் நேராக நுழைந்தது. கோட்டம் எடுத்து முடித்த பிறகு, இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்துக் கையால் அழுத்திப் பிசைந்தார். 'கிறீச்' என்று முறுக்கு அவிழும் சத்தம் கேட்டது. மறுபடி இறுக்கினார். இப்படி மூன்று சுற்று. கடைசியில் ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சத்தம் கொடுத்தன.

"நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாத்தா. புதுக் கம்பி உக்காரும், ஒரு தடவ இறுக்கணும்."

அந்த இரண்டாவது வருகையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த அம்மா விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது, ஒரு கம்பியும் முறியவில்லை. இனி முறியவே முறியாது என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டி விற்கிற பேச்சு அந்த வீட்டில் இப்போது இல்லை. தீவன மூட்டையை வீட்டுக்காரர் தன் மொபெட்டில் எடுத்துவருகிறார்.

வழியில் முறிந்தால்

ஒரு கம்பி முறிந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். முறிந்த கம்பி செயினிலோ பிரேக்கிலோ மாட்டினால் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் விழ நேரும். அதைப் பக்கத்துக் கம்பியில் சணலாலோ டேப்பாலோ சுற்றிக் கட்டிவிட்டு, சக்கரம் உரசினால் பின்பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, முன்பிரேக்கை நம்பி, பாரமில்லாமல் மெதுவாக வீடு வந்து சேரலாம். இரண்டுக்கு மேல் முறிந்தால் ஓட்டவே கூடாது, தள்ளித்தான் வர வேண்டும். அன்றோ மறுநாளோ மாற்றிவிடுவது நல்லது. ஒன்று போனால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகளின் மேல் விழுகிறது, அவையும் வரிசையாகப் போகும்.

சின்னக் கோட்டத்தை வீட்டிலேயே எடுக்கலாம். நிப்பிள் சாவி சில ரூபாய்தான். சக்கரம் இடப்பக்கம் இழுத்தால், அந்த இடத்தில் வலப்பக்கத்துக் கம்பியின் நிப்பிளை இறுக்க வேண்டும். டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் இறுகும். குடத்தின் பக்கமிருந்து பார்க்கும்போது அது எதிர்த்திசையாகத் தெரியும். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஒரு தடவைக்குக் கால் சுற்று, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. அவசரப்பட்டு முழுச் சுற்று திருகினால் கோட்டம் இன்னோர் இடத்துக்கு நகரும்.

புறப்படும்போது முதலில் இரண்டு மிதி மிதித்து, வண்டி நகர்ந்த பிறகு ஆக்சிலேட்டரைத் திருகினால் கம்பிக்கு அதிர்ச்சி குறையும். பாரத்தைக் கேரியரின் பின்நுனியில் கட்டாமல், சீட்டை ஒட்டி, முடிந்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட வேண்டும். டயரில் காற்றைக் குறைய விடக் கூடாது. உர மூட்டை ஏற்றினால் அன்றைக்கே சக்கரத்தைத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட வேண்டும். பொட்டாஷில் இருக்கிற குளோரைடு கம்பியின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. அது தீர்ந்த பிறகு துரு கழுத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

துருவையும் பேட்டரியையும் ஆராய்கிற நாட்டின் பெரிய நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. பள்ளத்தூரைப் பூர்விகமாகக் கொண்ட முருகப்பா குடும்பம், இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் சென்னையில் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் நம் கிராமங்களுக்கு வந்தது அங்கிருந்துதான். பேட்டரியும் சைக்கிளும் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்திருக்கிற இந்தக் காலத்தில், பேட்டரி தெரிந்தவர்களுக்குக் கம்பி கட்டத் தெரியவில்லை. கம்பி கட்டத் தெரிந்தவர்கள் ஒயரைப் பார்த்து ஒதுங்குகிறார்கள். கம்பி கட்டுகிற கைகளும் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. ஊரில் இளவட்டம் யாராவது அந்தப் பெரியவர்களிடம் போய் ஆறு மாதம் உட்கார்ந்து பழகினால் நிச்சயம் பிழைப்புக்கு வழி உண்டு.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் நான்கு கேள்வி கேட்க வேண்டும். பின்சக்கரத்தில் எத்தனை கம்பி? என்ன கேஜ்? நீளம் எத்தனை மில்லிமீட்டர்? அதே அளவில் பத்துக் கம்பி வண்டியோடு சேர்த்துக் கொடுப்பீர்களா? பாரம் ஏற்றத்தான் வண்டி என்றால், கம்பியே இல்லாத வார்ப்புச் சக்கரம் வைத்த வண்டியையும் பார்க்கலாம். எடை கூடும், ஆனால் கோட்டம் எடுக்கும் வேலை இல்லை.

பள்ளத்தூர் பக்கத்து அந்த அம்மா, ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாட்டைக் கட்டிய பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து 36 கம்பியையும் தட்டிப் பார்க்கிறார். ஐந்து நிமிஷ வேலை. தொழுவத்துச் சுவரில் மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதிகளையும் டாக்டர் நம்பரையும் கரியால் எழுதி வைத்திருக்கிறார். அதன் கீழே கம்பியின் நீளமும் கேஜும் இருக்கின்றன. தான் ஊரில் இல்லாதபோது வண்டி நின்றால், யார் கடைக்குப் போனாலும் அதைப் படித்துச் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு.